இரண்டே செகண்ட்

கார்டு மெஷின் என்னிடம் தே தாரிக் டீ கேட்கவில்லை. நானாகத்தான் ஊற்றினேன்.

வாசலைப் பார்த்துக்கொண்டே கிளாஸை வைத்தேன். கல்லா மேசை என்று நான் நினைத்த இடத்தில் மெஷின் இருந்தது. ஒருமுறை கீச்சென்றது. அவ்வளவுதான்.

போன் நனைந்தால் அரிசியில் போடுவார்களே என்று, கடைக்குப் பின்னால் எனக்கு மட்டும் பொங்கிக்கொள்ள வைத்திருந்த அரிசி டின்னில் புதைத்தேன். அதற்கும் உயிர் வரவில்லை, எனக்கும் சோறு இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் என்னுடையது வளையல் கடை. சுவர் நிறைய வளையல். வீட்டில் போட்டுக்கொள்ள ஒரு கை கிடையாது.

இன்று மதியம் மெஷின் கம்பெனியிலிருந்து மாதவி வந்தாள். டின்னைத் திறந்து காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, மூன்று புது மெஷின்களை மேசைமேல் பரப்பினாள். ஒன்று ரசீது அடிக்கும். ஒன்று அடிக்காது. ஒன்று பெண் குரலில் நன்றி சொல்லும்.

"எதும்மா நல்லது?"

"எல்லாமே நல்லதுதான் அங்கிள். அப் டு யூ லா."

எப்படி மாற்றிக் கேட்டாலும் அதே பதில்.

அப்போதுதான் செசிலியா வந்தாள். எதிர் ஆபீஸில் வேலை. வாரம் தவறாமல் ஒரு கிளிப் வாங்குவாள். அத்தனை கிளிப்புக்கு அவளுக்கு முடி இல்லை.

மாதவி முந்திக்கொண்டு ஒரு மெஷினை நீட்டினாள். கார்டு பட்டது. டிங்.

"வாவ், ஃபாஸ்ட் லா!" என்றாள் செசிலியா. போய்விட்டாள்.

"ரெண்டே செகண்ட் அங்கிள், பார்த்தீங்களா?"

பார்த்தேன்.

பழைய மெஷின் லைன் தேடும். சுற்றும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து சுற்றும். அந்த நேரத்தில்தான் செசிலியா பேசுவாள். கிள்ளானில் தனியாக இருப்பதை, பூனைக்குப் பல் ஆடுவதை, சர்ச் பாட்டில் மேல் சுருதி வந்தால் தான் வாயை மட்டும் அசைப்பதை.

நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அதுவும் லைன் கிடைக்காத நாட்களில்.

மூன்று மெஷின்களையும் ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

"மாதவி, இதுல எது ரொம்ப ஸ்லோ?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு என்னை.

"இதுல எதுவும் இல்ல அங்கிள். ஸ்லோவானது அந்த அரிசி டின்லதான் இருக்கு."