ஓடி வந்த போலீஸ்

கிறிஸ்துதாஸ் ஸ்டேஷன் படியேறியதும், தலையைக்கூட நிமிர்த்தாமல் ரைட்டர் வேலுசாமி கேட்டார்.

"எந்த இடத்துல நடந்துச்சு?"

"ஆவடி ரோட்டுல சார். எங்க காலனி முக்குல."

"அது நம்ம லிமிட் இல்லையே. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்க."

கிறிஸ்துதாஸுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பாட்டை அவர் முன்பே கேட்டவர். போன வருஷம் அவருடைய பைக் திருடு போனபோது, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் என்று நாலு நாள் அவரைப் பந்தாடினார்கள். பைக் இன்றுவரை வரவில்லை. ஆனால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வண்டி ஓட்டிப் பாருங்கள், மரத்துக்குப் பின்னாலிருந்து நாலு பேர் முளைப்பார்கள். திருடனைப் பிடிக்க ஆளில்லையாம், ஷிப்டுக்கு லேட்டாகப் போகிறவனைப் பிடிக்க மட்டும் ஒரு பட்டாளமே இருக்கிறதாம். இதைச் சொல்லித் திட்டாவிட்டால் அவருக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் குடிக்கிற டீ தொண்டையில் இறங்காது.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் இன்று மனைவி ஹில்டாவோடும் ஒரு கிலோ மைசூர்பாகோடும் வந்திருந்தார்.

"கம்ப்ளெயின்ட் இல்ல சார். உங்க ஆளுங்களுக்குத் தேங்க்ஸ் சொல்ல வந்தோம்."

வேலுசாமி பேனாவைக் கீழே வைத்தார். "காலனி முக்குதானே? அது நம்ம லிமிட்தான் சார். வாங்க, ஐயாகிட்டயே சொல்லிடலாம்."

இன்ஸ்பெக்டர் அறையில் நாற்காலி போட்டார்கள். தண்ணீர்கூட வந்தது. பைக்கைப் பறிகொடுத்தவராக வந்தபோது நிற்க வைத்தே பேசிய இடம் இது.

ஹில்டாதான் ஆரம்பித்தாள். "நேத்து சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தோம் சார். பைக்ல வந்தவன் ஒருத்தன் என் தாலிச் செயினை அறுத்துகினு பூட்டான். இருபத்தாறு வருஷமா கழுத்துல கீற செயின் சார். எனக்கு உசுரே போயிடுச்சு."

"அங்கயே ரெண்டு போலீஸ் ஸ்பீடு செக்கிங் பண்ணிகினு இருந்தாங்க," என்று கிறிஸ்துதாஸ் தொடர்ந்தார். "வந்த கோவத்துல, 'வேலைக்குப் போறவனையே மடக்கிகினு இருங்கய்யா, திருடன் ஜாலியா போறான்'னு கத்திட்டேன். கூட்டம் கூடிடுச்சு. ஆனா உடனே வண்டியை எடுத்துகினு துரத்தினாங்க சார். பத்தே நிமிஷம். அவன் செயினைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிட்டானாம். கொண்டாந்து இவ கையில குடுத்தாங்க. எந்த லிமிட்னு கேக்கல, எழுதிக் குடுன்னு கேக்கல. ஒரு டீ வாங்கித் தரேன்னேன், அதுக்குக்கூட நிக்கல."

"காலையிலயே ஆசாரிகிட்ட பத்தவெச்சு மாட்டிக்கினேன்," என்று ஹில்டா செயினைத் தொட்டுக் காட்டினாள். அவள் கண் கலங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நம்ம பசங்களுக்கு நான் குடுத்திருக்கிற ட்ரெயினிங் அப்படி. திட்டறதுக்குன்னா ஊரே கிளம்பி வருது, பாராட்ட யாரு வரா? இதை அப்படியே எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

கிறிஸ்துதாஸ் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி பேசினோமே என்று அவருக்கு வெட்கமாகவே இருந்தது.

"யாரு அந்த ரெண்டு பேர்? பேர் சொன்னாங்களா?"

"கேட்டேன் சார், சிரிச்சுட்டுப் பூட்டாங்க. இவதான் செல்லுல போட்டோ எடுத்து வெச்சா."

இன்ஸ்பெக்டர் போட்டோவைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். வேலுசாமியைக் கூப்பிட்டுக் காட்டினார். வேலுசாமி வாயில் போட்ட மைசூர்பாகை மென்று விழுங்க மறந்தார்.

"ரெண்டு மாசமா யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு, ஸ்பீடு ஃபைன்னு ரோட்டுல வசூல் பண்ற போலி போலீஸ் சார் இவனுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "கத்தினதும் துரத்திக்கிட்டு ஓடினாங்கன்னு சொன்னப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்."

பிறகு ஹில்டாவைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்தச் செயினைக் கழட்டிக் குடுங்கம்மா. அது கேஸ் ப்ராப்பர்ட்டி. ஆளுங்க கிடைச்சு, கேஸ் முடிஞ்சதும் கோர்ட்டுல வாங்கிக்கலாம்."