நெற்றிப் பட்டையில் ஒட்டியது

நடுவைப் பார்க்கச் சொன்னார்கள்.

நடுதான் இல்லை.

கண் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் கருவிக்குள் பச்சையாக ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு கைகளும் அவளுக்குத் தெரிந்தன. அவை சேரும் இடத்தில் மட்டும், யாரோ ஈரக் கட்டைவிரலை வைத்து எடுத்ததுபோல ஒரு கறை. வலது கண்ணில் மட்டும்தான்.

வீடு வீடாகப் போய் மின் மீட்டர் ரீடிங் எடுப்பது அவள் வேலை. நடு இலக்கம் காணாமல் போனால் எதைக் குறிப்பது? போன வாரம் ஒரு வீட்டில் தப்பாகக் குறித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"நாடியைத் தாங்கியில நல்லா வைங்க. நெத்தி பட்டையை ஒட்டி இருக்கட்டும். சிமிட்டாதீங்க," என்றாள் ஸ்கேன் எடுக்கும் ஜெபசீலி.

ஒரு சிவப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்கியது. அவ்வளவுதான்.

திரையில் அவள் கண்ணின் குறுக்குவெட்டு. வலிக்காமல் பிளந்து பார்த்துவிட்டார்கள். மேலே விழித்திரை, நடுவில் கொப்புளம்போல் தூக்கிக்கொண்டு. அதற்கு அடியில் ரத்தக் குழாய்கள் நெருங்கிய கறுப்பு அடுக்கு. கோராய்டு என்றாள் ஜெபசீலி. கோட்டிலிருந்து கோட்டுக்கு அளந்தாள். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தாள்.

நானூற்று எண்பது மைக்ரான்.

"முந்நூறு சொச்சம்னாலே ஜாஸ்தி. இது ஊறிப்போய்க் கெடக்கு. ஸ்டீராய்டு ஏதும் எடுக்கீங்களா? மாத்திரை, ஊசி?"

"எம்பிள்ள தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டா," என்றாள் அம்மா, பின்னாலிருந்து.

மகளைக் கேட்கும் கேள்விக்கு அம்மாதான் பதில் சொல்வாள். பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். "வெயில்ல அலையுறா, அதான் இந்த நிறம். வெளுத்துருவா," என்று வாக்குக் கொடுத்தது அம்மா. கேட்டது மாப்பிள்ளையின் அக்கா. நிச்சயமானதிலிருந்து அவளுக்கு மதினி.

ஜெபசீலி பட்டையைத் துடைக்கப் போனவள், நின்றாள். நெற்றி பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு பிசுக்கு.

"நெத்தியில என்ன போட்டிருக்கீங்க?"

"க்ரீம்தான். அது மருந்தில்ல."

இதற்கும் அம்மாதான்.

நிச்சயதார்த்தத் தட்டில், பட்டுச்சேலைக்கும் பூவுக்கும் நடுவே வந்த ட்யூப் அது. தீரத் தீர அடுத்தது வந்தது. காலையும் இரவும் பூச வேண்டும். நிறம் வருகிறதா என்று மதினி தினமும் வீடியோவில் கூப்பிட்டுப் பார்ப்பாள். ஜன்னல் பக்கம் வா என்பாள். வெளிச்சம் பத்தல என்பாள். அவளும் வந்து நின்றாள். கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது.

மறந்துவிடக் கூடாதென்று ட்யூப் அம்மாவின் பையிலேயே இருந்தது. டாக்டர் வந்து அதன் பொடி எழுத்துகளைப் படித்தார்.

"இது ஸ்டீராய்டும்மா. கண்ணு வீங்குனதுக்கு இதுதான் காரணமா இருக்கணும்."

முகம் வெளுக்க வெளுக்க, கண்ணுக்குப் பின்னால் அது தடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மதினி அளந்தது முன்பக்கத்தை மட்டும்.

"நிறுத்தினா கண்ணு அநேகமா தானா சரியாயிரும். முகம் கொஞ்ச நாள் செவந்து தடிக்கும். தோல் டாக்டரைப் பாத்துக்கிடுங்க. அப்புறம் பழைய நிறம் வந்துரும். ஆனா போட்டுக்கிட்டே இருந்தா, நடுப்பார்வை திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது."

பழைய நிறம் வந்துரும். நோயின் பெயரைக் கேட்டதுபோல அம்மாவின் முகம் சுருங்கியது.

"அடுத்த மாசம் கல்யாணம் டாக்டர். தாலி ஏறுன பெறவு நிறுத்திக்கிடலாம்லா?"

டாக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருந்தார்.

அவளுக்குக் கோபம் வந்தது. தாமதமாகத்தான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது.

எழுந்தாள். மூலையிலிருந்த வாஷ்பேசினில் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினாள். இன்னொரு தடவை கழுவினாள். காதோரம், கழுத்து, நெற்றிமேடு எல்லாம்.

"இடது கண்ணையும் ஸ்கேன் எடுத்துருங்க," என்று ஜெபசீலியிடம் சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

போன் அடித்தது. தினமும் அடிக்கிற நேரம்தான்.

"எடுக்காதட்டி," என்றாள் அம்மா. "முகத்துல ஒண்ணுமில்ல."

எடுத்தாள்.

"எங்க இருக்க? ஒரே இருட்டு. வெளிச்சத்துக்கு வந்து முகத்தைக் காட்டு."

அவள் போனைத் திரையின் பக்கம் திருப்பினாள். சாம்பல் அடுக்குகள், கொப்புளம், அதற்கடியில் தடித்த கறுப்பு, ஜெபசீலி போட்ட கோடுகள்.

"உங்க க்ரீம் போய்ச் சேந்த இடம் இதான். வெளிச்சம் போதுமா மதினி?"



போனை அணைக்காமல் அம்மாவின் கையில் கொடுத்தாள். போய் உட்கார்ந்து நாடியை வைத்தாள். ஈர நெற்றியைப் பட்டையில் அழுத்தினாள்.

இடது கண்ணுக்குக் கூட்டல் குறி நடுவோடு தெரிந்தது.

சிமிட்டவில்லை.

அவள் எழுந்தபோது ஜெபசீலி பட்டையைத் துடைத்தாள். பஞ்சில் வெறும் தண்ணீர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். போனில் மதினி என்னவோ கத்திக்கொண்டிருந்தாள். அம்மா அதைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கையை இறக்கவில்லை.