பாத்துக்கறவன்

"குத்தம் நிரூபணமாயிருச்சு. தண்டனை பத்தி நீங்க ஏதாவது சொல்லணுமா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

பக்கத்துக் கடைக்காரரின் கையை உடைத்த வழக்கு. அவர் முன் பெஞ்சில், நேராக நீட்ட முடியாத கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

கூண்டில் நின்றவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் காலையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்.

"வயசான அப்பா இருக்காருங்கய்யா. என்னை விட்டா அவரைப் பாத்துக்க ஆளில்லீங்க."

தடுமாறாமல் சொன்னான்.

அப்பா வீட்டைவிட்டுப் போய் வருடங்களாகிவிட்டன. "எங்கயாச்சும் போய்த் தொலைங்க" என்று சொன்னவன் அவன்தான். போய்விட்டார். அவன் தேடவில்லை.

"அப்பா வந்திருக்காரா?"

வக்கீல் எழுந்து சமாளிப்பதற்குள், கதவருகே ஒரு கை உயர்ந்தது.

"வந்திருக்கனுங்க."

யார் சொல்லி வந்தார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். யாருடைய சட்டையோ, தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

மகனைப் பார்க்கவில்லை.

"பேரு?"

"நாச்சிமுத்துங்க."

"உங்களை யார் பாத்துக்கறா?"

இப்போது சொல்லிவிடுவார்.

சொல்லட்டும் என்று இருந்தது அவனுக்கு.

"இவந்தானுங்க சாமி. வேளாவேளைக்குச் சோறு போட்டர்றானுங்க. இவன் உள்ள போயிட்டா நான் நடுத்தெருவுலதானுங்க."

நீதிபதி வெகுநேரம் எழுதினார்.

"ஜெயிலுக்குத்தான் அனுப்பியிருப்பேன். முதல் குத்தம். பெரியவரையும் நெனைச்சுப் பாக்கறேன். நன்னடத்தை ஜாமீன்ல விடறேன். திரும்ப ஏதாவது பண்ணினா உள்ளதான். போங்க, அப்பாவை நல்லா பாத்துக்கங்க."

முன் பெஞ்சிலிருந்தவர் எழுந்து, நல்ல கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனார்.

வராந்தாவில் வக்கீல் அவன் முதுகில் தட்டினார். "உங்கப்பா பிரமாதமா பேசிட்டாருப்பா!"

அப்பா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.

"அப்ப நான் வரட்டா, கண்ணு?"

அவனால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

"பஸ் ஏத்தி விடறனுங்கப்பா."

அப்பா மெதுவாக நடந்தார். அவன் இரண்டடி பின்னால் வந்தான்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

காங்கேயம். பல்லடம். மூலனூர்.

அப்பாவுக்கு எந்த பஸ் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்பா அவன் கேட்பதற்காக நின்றார்.