சட்டைக் கைப் பொத்தான்

நடுக்குவாதம் வருமுன்பே காட்டிக்கொடுக்கும் புது ஸ்கேன் மெஷினைச் சோதிக்க, நோயில்லாத மூளை ஒன்று வேண்டியிருந்தது. "என் தலை சும்மாதானே கெடக்கு" என்று டெக்னீஷியன் சவரிராஜே ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

நோயில்லாத மூளையென்றால் திரையில் இரண்டு முந்திரிப்பருப்பு வடிவங்கள் ஒளிர வேண்டும். டாக்டர் மங்கையர்க்கரசி பார்த்தபோது மூளையின் இடப்பக்கத்தது முழுதாக இருந்தது. வலப்பக்கத்தது வால் அவிந்து மிளகளவாகச் சுருங்கியிருந்தது.

சட்டையை மாட்டியபடியே வந்தார் சவரிராஜ். "படம் எப்படி மேடம்?"

"மெஷின்ல ஏதோ கோளாறு." அவள் எழுந்து திரையை மறைத்து நின்றாள்.

"காலைல நான்தானே சரிபாத்தேன்?" சிரித்துக்கொண்டே வலது கைப் பொத்தானை இடது விரல்களால் போடப் பார்த்தார். அது காஜாவுக்குள் நுழையவில்லை. மறுபடியும் முயன்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

"கொஞ்சம் நகருங்க மேடம்."