நேராக்கிய சத்தம்

பழைய சைட்ரான்ஸ் நடன இசையின் சத்தத்தைச் சாயங்காலத்துக்குள் அப்படியே கொண்டுவராவிட்டால், ஸ்டூடியோவுக்கு வேறு லேப்டாப் வாங்கிவிடுவார்கள். லேப்டாப்பும் விடாப்பிடியாக முயன்றது. வந்ததென்னவோ ஆஸ்பத்திரித் தரை மாதிரி துடைத்துவிட்ட சத்தம்.

அந்த இசையை அந்தக் காலத்தில் வாசித்த, மூலையிலிருந்த பழைய சிந்தசைசர் சிரித்தது. "ஏண்டி, சூடேறினா எனக்குச் சுருதி விலகும். அந்த வியாதியையா காப்பியடிக்கிறே?"

"ஆடுறவங்களுக்கு அதுதான் வேணுமாம், அக்கா!" ஒவ்வொரு சுரத்தையும் மயிரிழை நகர்த்தி வைத்து வாசித்தது லேப்டாப். அதே சத்தம்!

சேமிக்கப் போகும்போதுதான் லேப்டாப்புக்குக் கை அரித்தது. ஒரு சுரம் மட்டும் ரொம்பக் கோணலோ? நேராக்கியது. உடனே பக்கத்துச் சுரம் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதையும் நேராக்கியது, அதற்கடுத்ததையும்.

சாயங்காலம் வந்திறங்கிய புது லேப்டாப்பிடம் சிந்தசைசர் முதலில் கேட்டது இதைத்தான்: "உனக்கும் கை அரிக்குமாடி?"