டோரீனுக்கு வயதாகிறது

ஓஹியோவில் பனி கொட்டிய அந்த வாரம் மார்லாவும் தம்பி வெர்னனும் முகமூடிக் கொலைகாரன் படங்களை வரிசையாகப் பார்த்து மார்க் போட்டார்கள். முதல் படத்தில் அவர்களுடைய கடைசித் தங்கை டோரீன் நடித்திருந்தாள். இரண்டு வசனம் பேசியதும் கோடரியால் வெட்டுப்பட்டுச் சாவாள். படம் வெளிவரும் முன்பே நிஜத்திலும் கார் விபத்தில் இறந்துபோனாள். அதனால் இத்தனை வருஷமாக இருவரும் அந்தப் படங்களின் பக்கமே போகவில்லை.

"படம் சுமார்தான். நம்ம டோரீனுக்காகப் பத்துக்கு ஏழு மார்க்," என்றான் வெர்னன்.

மூன்றாவது படத்தில், கடைத்தெருக் கூட்டத்தில் டோரீன் ரொட்டிப் பையோடு நடந்து போனாள்.

"டேய், நிறுத்து. திரும்பப் போடு."

"அவதான்க்கா."

அடுத்த படத்தில் அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அதற்கடுத்ததில் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். யாரும் அவளைத் துரத்தவில்லை.

"கொஞ்சம் சதை போட்டிருக்கா," என்றாள் மார்லா. "நல்லா சாப்பிடுறா போல."

கடைசிப் படத்தில் முகமூடிக்காரன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். தலை நரைத்த டோரீன் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அடுப்பில் இருந்ததைக் கிளறப் போனாள். அவன் சற்று நேரம் நின்றான். பிறகு கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தான்.