நிறுத்தும் பொத்தான்

அலாஸ்காவில் எங்கள் நிலையம் மேல்வானத்தைச் சூடாக்க ரேடியோ அலை அனுப்பும். திரையில் விமானம் தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அந்தக் காவல் டுவைட்டுடையது.

போன குளிர்காலத்தில் என் கணவர் கிளெமின் சின்ன விமானம் ஆற்றுப்பக்கம் விழுந்தது. அவர் பிழைக்கவில்லை.

"அவன் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன், எட்னா. சத்தியமா," என்றான் டுவைட். அந்த வருஷம் வேட்டையாடிய மூஸ் மானில் ஒரு தொடையை எனக்குக் கொண்டுவந்தான். நானும் சூப் வைத்து அவனுக்கே ஊற்றினேன்.

இன்று மத்தியானம் வேலை முடிந்து அலையை நிறுத்தினோம். எதிரொலி கேட்கும் ஒலிபெருக்கி மட்டும் நிற்கவில்லை. அதில் கிளெம் பேசினார்.

"கீழ யாருப்பா? அலைய நிறுத்துங்க. இங்க மீட்டர் முள்ளெல்லாம் கண்டபடி ஆடுது."

அடுத்து அதே ஒலிபெருக்கியில் டுவைட்டின் குரல், சிரிப்போடு.

"ரெண்டு நிமிஷம் பொறுடா. நடுவுல நிறுத்துனா அளவு கெட்டுடும்."



திரையில் ஆற்றுப்பக்கமிருந்து ஒரு புள்ளி கிளம்பி எங்களை நோக்கி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டுவைட் நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். அலை ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. புள்ளி வந்துகொண்டே இருந்தது. அவன் மறுபடி மறுபடி அமுக்கினான்.

"இப்ப அமுக்கு," என்றேன்.